புது ஹால் என்று தேடினால்

எங்கள் ஆலையில் ஆட்களைப் பிரிவின் பெயரால் யாரும் சொல்வதில்லை, வண்டியின் பெயரால்தான் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறாலைக் கழுவி, உரித்து, உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலை. காலையில் ஒவ்வொரு ஊர்ப் பக்கமிருந்தும் ஒரு வேன் வரும். ஒரே வேனில் வந்த பெண்கள் ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள். வண்டியில் பாதியில் நின்ற பேச்சை மேசையில் தொடரலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் 'பழவேற்காடு வண்டி இன்னிக்கு சூப்பரா உரிக்குது' என்பார்கள். 'கவரைப்பேட்டை வண்டிக்குக் கையுறை வரல' என்பார்கள். ஒருமுறை 'பழவேற்காடு வண்டிக்குக் காய்ச்சல்' என்று ஒரு புகார் வந்தது. வாகனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த மெக்கானிக் வேனின் ரேடியேட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, 'சூடு நார்மல்' என்று பதில் எழுதிப் புகாரை மூடிவிட்டார்.

நான் அங்கே ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அடையாள அட்டை உடைந்துவிட்டது, கேன்டீனில் சாம்பார் புளிக்கிறது, எதுவானாலும் எனக்கு எழுத வேண்டும். நான் அதை உரியவர்களுக்கு அனுப்புவேன். அதே மென்பொருளில் ஆட்களைக் குரூப் குரூப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு குரூப்பைத் தேடி எடுத்துச் செய்தி போட்டால் அதில் உள்ள எல்லோர் போனுக்கும் போய்விடும். கேட்பதற்கு எளிது. கஷ்டம் எல்லாம் அந்தத் தேடி எடுப்பதில்தான்.

தேடுகிற பெட்டி கொஞ்சம் வெகுளி. நாம் அடித்த எழுத்துகள் எங்கே தட்டுப்பட்டாலும் 'இதோ' என்று கொண்டுவந்து போடும். ஆங்கிலத்தில் ஐஸ் என்று அடித்தால் ஆபீஸ் வரும், சர்வீஸ் வரும், அவற்றின் வாலில் அந்த மூன்று எழுத்தும் இருக்கிறதே. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் 'பெரிய கட்டி உடைக்க நாலு பேர் வரவும்' என்று ஐஸ் பிளாண்ட்டுக்குப் போட்ட செய்தி ஆபீஸுக்குப் போய், கணக்குப் பிரிவுக்காரர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாராம். அவர் கடைசி வரை ஏன் என்று கேட்கவே இல்லையாம், உடைத்துவிட்டுத்தான் போனாராம்.

இதையெல்லாம் கேட்டுத்தான் நான் உஷாரானேன். சுபாவத்திலேயே நான் பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை இழுப்பவன். அந்தக் குணம் வேறெங்கும் பயன்படவில்லை, இங்கே பயன்பட்டது. குரூப்பின் பெயரை மட்டும் பார்த்து அனுப்ப மாட்டேன். திறந்து உள்ளே இருக்கும் முகங்களைப் பார்ப்பேன். கட்டாயம் இருக்க வேண்டிய ஒருவர் இருக்கிறாரா, இருக்கவே கூடாத ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகும். 'சார் மெசேஜ் அனுப்பறதுக்குள்ள மெசேஜே பழசாயிடும்' என்று பக்கத்து மேசையில் சிரிப்பார்கள்.

போன வருஷம் என் மகள் அதே ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். நுண்ணுயிரியல் படித்தவள். சேர்ந்த அன்று காலையிலேயே, ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது, எனக்கு நிபந்தனைகள் போட்டாள்.

"நைனா, உள்ள போனா நான் உன்னை சார்னுதான் கூப்பிடுவேன்."

"கூப்பிடு."

"நீ என்னைப் பாத்தா சாப்டியான்னு கேக்கக் கூடாது."

"பசிச்சா?"

"கேன்டீன் இருக்கு நைனா. ஊரு பேரே தெரியாதவங்களுக்கெல்லாம் சோறு போடுறாங்க, எனக்குப் போட மாட்டாங்களா."

ஆந்திர எல்லை பக்கத்தில் இருக்கிற ஊர், அப்பாவை நைனா என்று சொல்வது எங்களுக்கு வழக்கம். அவள் சார் என்று முதல்முறை கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ என்று நினைத்துவிட்டேன். அவளுக்கு வேலை புது ஹாலில். நான் சாப்டியா என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, தினம் காலையில் உட்கார்ந்ததும் மென்பொருளில் அவள் பெயரைத் தேடி, படத்துக்குப் பக்கத்தில் அவள் உள்ளே வந்துவிட்டதைக் காட்டும் பச்சைப் புள்ளியைப் பார்ப்பேன். ஒரே ரயிலில்தான் வந்திருப்போம், ஒரே வாசலில்தான் நுழைந்திருப்போம். இருந்தாலும் பார்ப்பேன்.

புது ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆலை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் அன்றைக்கு நடந்தது புரியாது. மேற்கே கொடிக்கம்பம் உள்ள திடல். அடுத்து பழைய ஹால். அதற்கடுத்து மெஷின் ரூம், குளிரூட்டுவதற்கான அம்மோனியா வாயு ஓடுகிற இடம். அதற்கப்பால் புது ஹால். கடைசியில், கிழக்கு மதிலை ஒட்டி, மழைநீர்க் குளம். எல்லாம் ஒரே வரிசை. சைரன் அடித்தால் எல்லோரும் கொடிக்கம்பத்துக்குப் போக வேண்டும் என்பது பயிற்சி. மாதாமாதம் ஓடி ஓடி அது எல்லோர் காலிலும் ஏறியிருந்தது.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியிருந்த ஒரு முற்பகல். டீ வந்துபோயிருந்தது. கவரைப்பேட்டை வண்டியின் லீடரம்மா கையுறைக்காக எழுதிய புகாரை அப்போதுதான் முடித்திருந்தேன். மேசை மேசையாக ஒரு பெண் லீடராக இருப்பார், மற்றவர்கள் போனை வாசலில் விட்டுவிட்டு வர, லீடர் மட்டும் பிளாஸ்டிக் உறை போட்ட போன் வைத்திருப்பார். அவரிடம் சொன்னால் மேசை முழுவதற்கும் சொன்னதாக அர்த்தம்.

போன் அடித்தது. மெஷின் ரூம் ஷிப்ட் இன்ஜினியர். தடாவிலிருந்து வருகிற இளைஞர், எப்போதும் பாட்டுப் பாடுகிற மாதிரி பேசுபவர். அன்று பேச்சுக்கு நடுவே இருமினார்.

"சார், வால்வுல கேஸ்கெட் போயிருச்சு, அம்மோனியா லீக் ஆவுது. வாசல்ல நிக்க முடியல. சைரன் அடிக்கணும். ஆனா அடிச்சா புது ஹால்காரங்க கொடிக்கம்பத்துக்குத்தான் ஓடுவாங்க. என் வாசல் வழியாத்தான் வருவாங்க சார்."

நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஹாலுக்குப் போன் போட்டீங்களா?"

"அடிக்குது, எடுக்கல. தண்ணி சத்தத்துல கேக்காது. செக்யூரிட்டிய மதிலோரமா அனுப்பிருக்கேன், அவர் சுத்திக்கினு போகணும். நீங்க புது ஹாலுக்கு மட்டும் கிழக்குக் கதவு மெசேஜ் போடுங்க. போட்டதும் சொல்லுங்க, உடனே அடிக்கிறேன். சீக்கிரம் சார்."

கிழக்குக் கதவுச் செய்தி தயாராக எழுதியே இருந்தது. 'கிழக்குக் கதவு வழியாக உடனே வெளியேறவும்.' அவ்வளவுதான். புது ஹாலின் கிழக்குக் கதவு குளத்தைப் பார்த்துத் திறக்கும். பழைய ஹாலின் கிழக்குக் கதவு நேராக மெஷின் ரூமைப் பார்த்துத் திறக்கும். அதனால்தான் அவர் மட்டும் என்ற சொல்லை அழுத்தினார். அந்தச் செய்தி தவறான ஹாலுக்குப் போனால் அவர்களை நாமே வாயுவுக்குள் அனுப்பிவைத்த மாதிரி.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு 'புது ஹால்' என்று அடித்தேன். ஒரே ஒரு குரூப் வந்தது. 'ஆரம்பாக்கம் வண்டி.'

அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. புது ஹாலில் நிற்பவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள்தான். வேன் நின்றுபோய் ரயிலில் வந்தாலும் ஆலையில் அவர்கள் பெயர் இன்னும் ஆரம்பாக்கம் வண்டிதான். ஆரம்பாக்கம் வண்டி என்றால் புது ஹால், புது ஹால் என்றால் ஆரம்பாக்கம் வண்டி. நாலைந்து பதில் வந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஒன்றே ஒன்று வந்து நின்றால், அதுவும் மனதில் இருக்கிற பெயரோடு வந்து நின்றால், யார்தான் சந்தேகப்படுவார்கள். செய்தியை இழுத்து அதில் வைத்தேன்.

வைத்துவிட்டு வழக்கம்போல் குரூப்பைத் திறந்தேன். கட்டாயம் இருக்க வேண்டிய ஆள் யார் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. கண் தானாக என் மகளைத் தேடியது.

அவள் இல்லை.

மேலே போனேன், கீழே வந்தேன். இல்லை. புதிதாகச் சேர்ந்தவள், விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. எத்தனை பேரை அப்படி விடுகிறார்கள். கோபம் வந்தது. இந்தக் குரூப்பிலேயே அவளைச் சேர்த்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சேர்க்கிற பட்டனுக்கு விரல் போய்விட்டது.

"ஆச்சா சார்?" இன்ஜினியரின் குரல்.

"ஒரு நிமிஷம்."

"நிமிஷம் இல்ல சார்."

சேர்க்கிற பட்டன் பட்டியலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே போகிற வழியில் ஒரு முகம் என்னைப் பார்த்தது. கவரைப்பேட்டை வண்டியின் லீடரம்மா. கையுறை கேட்டவர். பழைய ஹாலில் இரண்டாம் மேசை. சற்று முன்னால்தான் அவர் புகாரை மூடினேன், அதே படம், அதே பெரிய பொட்டு. அவர் இந்தக் குரூப்பில் எதற்கு?

இருக்க வேண்டியவள் இல்லை. இருக்கக் கூடாதவர் இருக்கிறார். இது புது ஹால் இல்லை.

அப்போது எனக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது. மண்டைக்குள் விளக்குப் போட்ட மாதிரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, விசைப்பலகை விரலுக்கு முன்னால் ஓடியது. செய்தியை அந்தக் குரூப்பிலிருந்து பிடுங்கினேன். சரியான குரூப்பை எந்தப் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மேசை, பேக்கிங், ஆரம்பாக்கம் என்று வரிசையாக அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆனால் புது ஹாலில் நிச்சயமாக இருக்கிற ஓர் ஆளை எனக்குத் தெரியும். காலையில் பச்சைப் புள்ளியைப் பார்த்தவன் நான். குரூப்பைத் தேடினால்தானே இந்தக் குழப்பம், ஆளைத் தேடி அவள் எந்தக் குரூப்பில் இருக்கிறாள் என்று பார்த்தால்?

மகள் பெயரை அடித்தேன். மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான். தினம் காலையில் நிதானமாகப் படத்தைப் பார்த்துத் தொடுகிறவனுக்கு அன்று படங்கள் எல்லாம் ஒரே வெள்ளைத் தொப்பியாகத் தெரிந்தன. முதலெழுத்தைப் பார்த்தேன். இரண்டாவதாக இருந்தவளின் முதலெழுத்து என்னுடையது.

அவள் அட்டையில் இரண்டு குரூப்புகள். 'பயிற்சியாளர்.' 'ட்ரெயின் ஆட்கள்.'

இரண்டாவதைத் திறந்தேன். முதல் முகமே எங்கள் ஊர் லீடரம்மா. அடுத்து அவருடைய ஓரகத்தி, பக்கத்து மேசை லீடர். அடுத்து பேக்கிங் மேசை லீடர். எல்லோரும் புது ஹால். பழைய ஹால் முகம் ஏதாவது இருக்கிறதா என்று கடைசி வரை ஓட்டினேன், கவரைப்பேட்டை இல்லை, பழவேற்காடு இல்லை. பட்டியலின் அடியில் என் மகள்.

அனுப்பினேன்.

"போட்டாச்சு," என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சைரன் எழுந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தபோது எல்லாம் சாதாரண விஷயம்தான். ஆரம்பாக்கம் பெண்கள் முன்பு பழைய ஹாலில் இருந்தார்கள். புது ஹால் கட்டியதும் மொத்தமாக அங்கே மாற்றினார்கள், அதே சமயம் வேனை நிறுத்தி ரயில் பாஸ் கொடுத்தார்கள். வேன் கவரைப்பேட்டைக்கு இரண்டாவது நடை ஓட ஆரம்பித்தது, அதில் வருகிறவர்கள் அந்த வண்டிக் குரூப்பில் சேர்ந்துவிட்டார்கள். வாகனப் பிரிவில் நல்ல மனிதர் ஒருவர் எல்லாவற்றையும் முறையாகச் செய்திருக்கிறார். ஊர்ப் பெண்களை வண்டிக் குரூப்பிலிருந்து எடுத்து, ரயிலில் வருகிறவர்கள் என்பதால் 'ட்ரெயின் ஆட்கள்' என்று புதிதாக வைத்துவிட்டார். பழைய குரூப்பின் குறிப்பில், மறக்காமல், 'புது ஹாலுக்குப் போனவர்களை எடுத்தாச்சு' என்று எழுதியும் வைத்திருக்கிறார். தேடுகிற பெட்டி அந்தக் குறிப்பையும் படித்திருக்கிறது. புது ஹால் என்று தேடியவனுக்கு, புது ஹாலில் இல்லாதவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. உண்மையான குரூப்பில் புது ஹால் என்ற சொல்லே கிடையாது. நானும் தினம் ரயிலில்தான் வருகிறேன், அப்படி ஒரு குரூப் இருப்பது எனக்கே தெரியாது.

சைரன் அடிக்கும்போது ஹெல்ப் டெஸ்க்காரன் எழக் கூடாது. யார் யார் படித்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். திரையில், உள்ளே போன் வைத்திருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் குறி மாறியது. லீடரம்மா படித்துவிட்டார். ஓரகத்தி படித்துவிட்டார். பேக்கிங் படித்துவிட்டது. குவாலிட்டி ஆட்களிடமும் உள்ளே போன் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஆனால் என் மகளுடைய பெயருக்குப் பக்கத்தில் 'போய்ச் சேர்ந்தது' என்று மட்டும் இருந்தது. போய்ச் சேர்ந்தால் போதுமா? யார் கையில் சேர்ந்தது? ஜன்னல் வழியாகப் பழைய ஹால் பெண்கள் வெள்ளைக் கோட்டோடு திடலுக்கு ஓடுவது தெரிந்தது. ஏசியை நிறுத்திவிட்டிருந்தோம், இருந்தும் மூக்கைக் குத்துகிற ஒரு நெடி எங்கிருந்தோ உள்ளே வந்தது. அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது.

லீடரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"குளத்தாண்ட கீறோம் சார். எண்ணிக்கினு கீறோம்."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"அதத்தான் எண்ணிக்கினு கீறோம்னு சொல்றேனே. நீ பேசினா நான் எப்டி எண்ணுறது. வை சார்."

வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவில்லை. பக்கத்து மேசைக்காரர் என் தோளில் கை வைத்தார், அவரை யார் என்று பார்க்கக்கூட நான் திரும்பவில்லை. வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் எந்த வாக்கியத்தோடு ஆரம்பிப்பேன் என்று மனம் தன்பாட்டுக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அடக்க முடியவில்லை.

போன் அடித்தது. லீடரம்மாவின் எண்.

"சார், புது ஹால். குளத்தங்கரை. எண்ணிக்கை சரியா இருக்கு. ரெண்டு பேருக்குக் கண் எரிச்சல், வேற எதுவும் இல்ல." மகளின் குரல். அவ்வளவு சுத்தமாக, பரீட்சையில் பதில் சொல்வது போல.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சார்? கேக்குதா சார்?"

"கேக்குதும்மா," என்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நைனா, நல்லா இருக்கேன். போனை வை. மத்தவங்க கூப்பிடுவாங்க இல்ல."

முகமூடி போட்டவர்கள் வால்வை மூடினார்கள். மதியத்துக்குள் எல்லாம் அடங்கியது. ஒருவருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. இன்ஜினியர் சிவந்த கண்களோடு வந்து என் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுவதும் குடித்தார். "ஏன் சார் அவ்ளோ லேட்டு?" என்றார். காட்டினேன். பழைய குரூப்பையும் கவரைப்பேட்டை அம்மாவின் படத்தையும் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் பாடவில்லை.

எனக்கோ உட்கார முடியவில்லை. காய்ச்சல் பிடித்தவன் மாதிரி இருந்தேன், ஆனால் சந்தோஷக் காய்ச்சல். பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஆளைத் தேடு, குரூப்பைத் தேடாதே என்று சொன்னேன். கேன்டீன் மாஸ்டரிடம்கூடச் சொன்னேன். அவர் சரி சார் என்று சொல்லி எனக்கு இன்னொரு வடை வைத்தார்.

சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. எளாவூர் தாண்டுகிற வரை மகள் பேசிக்கொண்டே வந்தாள். அவள் கண்ணிலும் அதே காய்ச்சல்.

"நான் அப்ப கோல்ட் சேம்பர்ல இருந்தேன் நைனா. டெம்பரேச்சர் எடுத்துக்கினு இருந்தேன். தலையில குல்லா, காதெல்லாம் மூடி. வெளில ஒண்ணும் கேக்கல. திடீர்னு கதவு டமடமன்னு. லீடரம்மா ஸ்டூலை எடுத்து இடிக்கிறாங்க. தொறந்தா ஒரு வார்த்தை பேசல. கோட்டைப் பிடிச்சு இழுத்துக்கினு ஓடுறாங்க. ஒரு பூட்ஸு அங்கியே கழண்டு போச்சு."

அவள் சிரித்தாள். எதிர் இருக்கையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு இருந்தது. வேலையை விட்டுவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்குள், குளத்தங்கரையில் எண்ணும்போது ஒருத்தி தன்னை இரண்டு தடவை எண்ணிக்கொண்ட கதைக்குப் போய்விட்டாள். ஆரம்பாக்கம் வந்துவிட்டது. இறங்கினோம்.

அடுத்த வாரம் எல்லாக் குரூப்பையும் சரிசெய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திரையில் உட்கார்ந்து செய்ய எனக்கு இஷ்டமில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஹால் ஹாலாக நடந்தேன். குறிப்புகளில் ஹால் பெயர் இருந்தால் அழித்தேன். குரூப்பின் பெயருக்கு முன்னால் இடத்தை வைத்தேன், வண்டி, ரயில் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த மேசையில் நிற்பவர் முகம் அந்தக் குரூப்பில் இருக்கிறதா என்று நேரில் ஒத்துப் பார்த்தேன். புது ஹாலுக்குக் கடைசியாகப் போனேன். மூன்று வருஷ வேலையில் அதற்குள் நுழைந்ததே இல்லை. தொப்பியும் முழங்கால் பூட்ஸும் கொடுத்தார்கள். குளிர் பல்லில் ஏறியது. மேசையைச் சுற்றி ஐஸும் இறாலுமாகக் கைகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னா சார், மாப்ள ஊட்டுக்காரங்க மாதிரி ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு வர்ற," என்றார் ஓரகத்தி.

"புடிச்சிருக்கா சார்? தட்டு மாத்திக்கலாமா?" என்றது இன்னொரு குரல். மேசையே குலுங்கியது.

மகள் கடைசியில் தராசுப் பக்கம் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் காது சிவந்திருந்தது மட்டும் தொப்பிக்கு வெளியே தெரிந்தது.

"ஒரு டெஸ்ட் மெசேஜ் போடறேன். யாரும் ஓடாதீங்க," என்று சொல்லிவிட்டு அனுப்பினேன். லீடரம்மாவின் இடுப்பில் உறைக்குள் போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. அடுத்து ஓரகத்தியுடையது. பேக்கிங் மேசையில் ஒன்று. மூலையில் இன்னொன்று. மேசையிலிருந்து மேசைக்கு அந்தச் சத்தம் நகர்வதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இப்படியொரு சத்தத்துக்கு உடம்பு சிலிர்க்கும் என்று எனக்குத் தெரியாது. தராசுப் பக்கம் மட்டும் எதுவும் அடிக்கவில்லை.

திரையைப் பார்த்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'போய்ச் சேர்ந்தது.'

"உங்க போன் எங்கம்மா?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைக்கப் பார்த்தேன்.

"லாக்கர்ல சார். குவாலிட்டி ஆளுங்க உள்ள கொண்டு வரக் கூடாது சார்."

"என்னைக்கிலிருந்து?"

"சேந்த நாள்லேருந்து சார்."

அப்படியானால் அன்றைக்கும் லாக்கரில்தான் இருந்திருக்கிறது. இரும்புப் பெட்டிக்குள், அவளுடைய டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், என் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து கிடந்திருக்கிறது. எந்தப் பெயரை நம்பி நான் சரியான குரூப்பைக் கண்டுபிடித்தேனோ அந்தப் பெயருக்கு மட்டும் அது கேட்கவே இல்லை.

டேப்லெட்டில் உடனே எழுத ஆரம்பித்தேன். குவாலிட்டி ஆட்களுக்கும் உறை போட்ட போன் தர வேண்டும், அவசரம் என்று. லீடரம்மா கையை நிறுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது சார், நல்லா எழுது. வர்றப்ப வரட்டும்," என்றார். "அதுவரிக்கும் உன் பொண்ணுக்கு நாங்க சொல்லிக்கிறோம். நீ எங்களுக்குக் கரெக்டா சொல்லு."

மகள் தராசிலிருந்து தலையைத் திருப்பினாள். நாங்கள் அப்பா மகள் என்பது அந்த மேசையில் யாருக்கும் புதுச் செய்தியாகத் தெரியவில்லை. கைகள் ஓடிக்கொண்டே இருந்தன.

நான் இன்னொருமுறை டெஸ்ட் மெசேஜ் போட்டேன். லீடரம்மா கையுறையைக் கழற்றி, உறைக்கு மேலேயே விரலால் தள்ளிப் படித்துவிட்டு, மேசை முழுவதும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். ஓரகத்தி சேம்பர் பக்கம் போய்க் கதவைத் தட்டிச் சொன்னார், உள்ளே யாரும் இல்லாவிட்டாலும்.